ஐப்பசி பொறந்தா வெந்நீர்: கீசரா, சோலாரா, ஹீட் பம்ப்பா, தவலையா?

கேள்வி, 4 நவம்பர் 2024

கும்பகோணத்துலேர்ந்து ஒருத்தர் கேட்டது: "வீட்ல அஞ்சு பேர். 25 லிட்டர் கீசர், வாங்கி பதினோரு வருஷம் ஆச்சு. இந்த தடவை ரெண்டு மாச ரீடிங் 560 யூனிட். மாடியில சோலார் போட்டா வெந்நீருக்கு கரண்டே வேணாம்னு கடைக்காரர் சொல்றார், ஹீட் பம்ப்னு இன்னொண்ணும் காட்டுறார். எதுக்கு மாறலாம்?"

5 நவம்பர், இரவு

எதுக்கும் மாறாதீங்க, இப்பவே மாறாதீங்க. முதல்ல ஒரு நாளைக்கு எத்தனை வாளி வெந்நீர் வேணும்னு எண்ணுங்க. நான் அதை எண்ணாம 2017ல மாடியில சோலார் வச்சவ, மன்னார்குடியில. அந்த கதையை அப்புறம் எழுதறேன், இப்ப கணக்கு மட்டும்.

ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி ஏத்த ஒரு கிலோ கலோரி. ஒரு யூனிட் கரண்ட்ல 860 கிலோ கலோரி. கார்த்திகை காலையில மேல் டேங்க் தண்ணி 25 டிகிரின்னு வச்சுக்குங்க, குளிக்க 40 போதும், ஆக 15 டிகிரி ஏத்தணும். ஒரு வாளி 20 லிட்டர்னா 300 கிலோ கலோரி, அதாவது ஒரு யூனிட்ல மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல, 0.35. அஞ்சு பேருக்கு ஒண்ணே முக்கால். ரெண்டு மாசத்துக்கு 105 யூனிட். அவ்வளவுதான். அதுவும் நம்ம பக்கம் ஐப்பசியிலேர்ந்து தை வரைக்கும்தான் வெந்நீரே. சித்திரையில மத்தியானம் ரெண்டு மணிக்கு குழாயைத் தெறந்தா கை வைக்க முடியல, சூரியன் காசு வாங்காம காய்ச்சிக் குடுக்கறார்.

அப்ப 560 எங்கேர்ந்து வந்துச்சு? நீங்க எழுதலைனாலும் கேக்கறேன், கீசர் சுவிட்ச் நாள் முழுக்க ஆன்லயே கெடக்குதா? கெடந்தா அதுதான். தெர்மோஸ்டாட், அதான் எத்தனை டிகிரியில தானா கட் ஆகணும்னு வைக்கற திருகு, அதையும் 45ல வைங்க.

6 நவம்பர், காலை

நேத்து வாளி 20 லிட்டர்னு போட்டேன். காலையில ஒரு லிட்டர் பாட்டிலால அளந்து ஊத்திப் பாத்தேன், விளிம்பு வரைக்கும் ரொப்பினாத்தான் 20, நாம தூக்கற அளவுக்கு ரொப்பினா 16. அப்ப ஒரு வாளிக்கு 0.28 யூனிட், அஞ்சு பேருக்கு 1.4, ரெண்டு மாசத்துக்கு 84. என் கணக்கு இன்னும் கொறைஞ்சுது.

6 நவம்பர், மதியம்

அவர் பதில் போட்டுட்டார். ஆமாவாம், நாள் முழுக்க ஆன்தானாம், "தானா கட் ஆயிடும்ல, அப்புறம் எதுக்கு ஆஃப் பண்ணணும்"னு கேக்கறார். நெறைய பேர் வீட்ல இதேதான் நெனைப்பு. தானா கட் ஆகுது, சரி. ஆனா தண்ணி உள்ள ஆறுது, ஆற ஆற திரும்ப தானா ஆன் ஆகுது, ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் குளிக்காதப்பவும். எங்க பழைய 25 லிட்டரை ஒரு தடவை சாக்கெட்ல சொருகுற மீட்டர் போட்டு, ஒரு நாள் முழுக்க யாரும் குழாயைத் தெறக்காம சோதிச்சேன், ஒரு யூனிட்டுக்கு மேல காட்டுச்சு. ஒரு சொட்டு தண்ணி செலவில்லாம. அறுபது நாளைக்கு அறுபது யூனிட்.

இந்த அறுபதுதான் உங்களை 500க்கு மேல தள்ளுது. 500 தாண்டினா மேல உள்ள யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது, 101லேர்ந்து 200 வரைக்கும் இருந்த கொறைஞ்ச ரேட்டும் போயிடும். 2024 ரேட்ல கணக்கு போட்டுப் பாருங்க, அந்த அறுபது யூனிட் இல்லைனா எழுநூறு ரூபாய்க்கு மேல மிச்சம். சுவிட்சை அமுக்கறதுக்கு செலவு ஒண்ணும் இல்ல.

கீசர் மேல ஒட்டியிருக்கற பிஇஇ ஸ்டார், அதான் கரண்ட் சிக்கனத்துக்கு மத்திய அரசு அமைப்பு குடுக்கற ஸ்டார், சொல்றதும் இதைத்தான். அஞ்சு ஸ்டார்னா சீக்கிரம் காயும்னு அர்த்தம் இல்ல, காய்ஞ்ச தண்ணி சும்மா நிக்கும்போது எவ்வளவு சூடு ஒழுகிப் போகுதுங்கறதுக்குத்தான் ஸ்டார். கம்பி வழியா போற கரண்ட் பூரா தண்ணிக்குள்ளதான் சூடா போகுது, அதுல ஒரு ஸ்டாருக்கும் அஞ்சு ஸ்டாருக்கும் வித்தியாசம் கெடையாது. அதனால குளிச்ச கையோட ஆஃப் பண்றவங்களுக்கு ஸ்டாரால லாபம் கொஞ்சம், ஆன்லயே விடறவங்களுக்கு அதுதான் எல்லாமே.

9 நவம்பர்

சோலார் கதை.

2017 பங்குனியில வச்சோம், 100 லிட்டர், கண்ணாடி டியூப் மாடல். வச்ச வாரம் வீடே கொண்டாடுச்சு. சித்திரையில தண்ணி கொதிச்சு மேல காத்துக் குழாய் வழியா ஆவி வந்துச்சு, ஆனா அந்த வெயில்ல யாருக்கு வேணும் வெந்நீர்? பச்சைத் தண்ணி கெடைக்காதான்னு கொல்லைக் கிணத்துக்கு போனோம். ஆடி போச்சு, ஆவணி போச்சு. ஐப்பசி அடைமழை புடிச்சுது பாருங்க, நாலு நாள் சூரியனே காணல, தண்ணி வெதுவெதுன்னுகூட இல்ல. நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் மழை, அந்த மழையிலதான் வெந்நீர் வேணும், அந்த மழையிலதான் சூரியன் இல்ல. ஊட்டி கொடைக்கானல்ல வருஷம் பூரா குளிரு, வெயில் வர்ற நாள் பூரா லாபம். நம்ம ஊர்ல தேவையும் வெயிலும் எதிரும் புதிருமா நிக்குது. இதை விக்கறவங்க யாரும் சொல்லல, எனக்கா தோணவும் இல்ல.

அதுக்குத்தான் உள்ள கரண்ட் காயில் இருக்கேன்னு சொன்னாங்க. இருந்துச்சு. ஆனா அது எதைக் காய்ச்சும்? அத்தைக்கு ரெண்டு வாளி வேணும்னாலும் 100 லிட்டரையும் சேத்துத்தான் காய்ச்சும். 25லேர்ந்து 55க்கு ஏத்த மூணரை யூனிட். கீசர்ல ரெண்டு வாளி அரை யூனிட்டு சொச்சத்துல முடிஞ்சிருக்கும். மழைக்கால பில் சோலார் வச்சதுக்கு அப்புறம் ஏறுச்சு.

இன்னும் ரெண்டு விஷயம். ஒண்ணு தென்னை மரம். நம்ம வீடுங்க பூரா கொல்லையில நாலு தென்னை நிக்கும், மூணு மணிக்கு மேல அந்த நெழல் டியூப் மேல விழும், மட்டை விழுந்தா அந்த டியூப் போச்சு. ரெண்டு, மத்தியானம் மோட்டார் ஓடாம மேல தண்ணி தீந்து டியூப் காலியா காயும், கரண்ட் வந்ததும் பச்சைத் தண்ணி உள்ள போனா படீர்னு வெடிக்கும். எங்களுக்கு ஒரே நாள்ல மூணு டியூப். காலையிலயோ அந்திக்கு மேலயோதான் ரொப்பணும்னு அப்புறமாத்தான் பிளம்பர் சொன்னார்.

10 நவம்பர்

தஞ்சாவூர்லேர்ந்து ஒருத்தங்க எழுதியிருக்காங்க, அவங்க வீட்ல எட்டு வருஷமா 200 லிட்டர் சோலார் நல்லா ஓடுதாம், ஒம்போது பேராம், ரெண்டு கைக்குழந்தையாம், பாத்திரம் கழுவவும் அந்தத் தண்ணிதானாம். சரி, ஒத்துக்கறேன். ஒம்போது பேரும் வருஷம் பூரா புழங்கினா, மொட்டை மாடியில நெழல் இல்லைனா, தண்ணி உப்பு இல்லைனா, சோலார் போட்ட காசை எடுத்துடும். நேத்து நான் எழுதினது மூணு பேர் அஞ்சு பேர் உள்ள வீட்டுக்கு. அதை அங்கயே சொல்லியிருக்கணும்.

16 நவம்பர், கார்த்திகை 1

இன்னிக்கு மாயவரத்துல முடவன் முழுக்கு. நேத்தோட துலா ஸ்நானம் முடிஞ்சுது. ஐப்பசி பூரா காவேரியில முழுகினா கங்கையில முழுகின புண்ணியம், நடக்க முடியாத ஒருத்தர் வந்து சேர்றதுக்குள்ள மாசம் முடிஞ்சு போச்சாம், அவருக்காக ஒரு நாள் கூடுதலா. அத்தைக்கு இப்ப 81. கல்யாணத்துக்கு முன்னாடி மாயவரத்துல இருந்தவங்க, ஐப்பசி முப்பது நாளும் விடிகாலையில காவேரியில முழுகினவங்க. "அப்ப வெந்நீர்னா என்னான்னே தெரியாது, தீபாவளிக்கும் பிள்ளை பெத்தாலும்தான் வெந்நீர்"ங்கறாங்க. இப்ப அவங்களுக்குத்தான் எங்க வீட்ல முதல் வாளி.

இதே தேதிதான் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு, மன்னார்குடி என்ன பாடு பட்டுச்சுன்னு இங்க உள்ளவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. சோலார் டேங்க்கு அடுத்த வீட்டு கொல்லையில கெடந்துச்சு, ஒரு டியூப் மிச்சம் இல்ல. எங்க தெருவுக்கு கரண்ட் வர பதினெட்டு நாள். ஆறு தென்னையில அஞ்சு விழுந்துடுச்சு. அந்த பதினெட்டு நாளும் அத்தைக்கு வெந்நீர் காய்ச்சினது கொல்லைப்பக்கம் இடிக்காம விட்டு வச்சிருந்த வெந்நீர் அடுப்புலதான். விழுந்த மரத்தோட மட்டை, பாளை, பன்னாடை எல்லாம் எரிச்சோம். அதுக்கு முன்னாடி ஆடியிலதான் அந்த அடுப்பை இடிச்சுட்டு டைல்ஸ் போடலாம்னு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன், அத்தைதான் விடல.

18 நவம்பர்

முக்கியமான திருத்தம். 5ந்தேதி தெர்மோஸ்டாட்டை 45ல வைங்கன்னு எழுதினேன். தப்பு. எங்க அண்ணன் மக திருச்சியில நர்ஸு, அதைப் படிச்சுட்டு போன் போட்டா. வெதுவெதுன்னு நிக்கற தண்ணியில, 20லேர்ந்து 45 டிகிரிக்குள்ள, லெஜியோனெல்லான்னு ஒரு கிருமி வளருமாம், தண்ணி தெறிக்கும்போது அந்த சாரலை மூச்சுல இழுத்தா நுரையீரல் காய்ச்சல் வருமாம், வயசானவங்களுக்கு ஆபத்தாம். அதனால 60ல வைங்க, பச்சைத் தண்ணி கலந்து குளிங்க. அதுக்காக கரண்ட் அதிகம் ஆகாது, குளிக்கறதுக்கு முன்னாடி போட்டு முடிச்சதும் ஆஃப் பண்ணினா ஒழுகறதுக்கு நேரமே இல்ல. 25 லிட்டரை 60க்கு காய்ச்ச ரெண்டு கிலோவாட் கீசருக்கு அரை மணி, ஒரு யூனிட். பச்சைத் தண்ணி கலந்தா 58 லிட்டர் வரும், என் வாளியில மூணரை. ஊருக்கு போயிட்டு பத்து நாள் கழிச்சு வந்தா முதல்ல நல்லா காய்ச்சி, குழாயைத் தெறந்து விட்டுட்டு அப்புறம் குளிங்க.

அன்னிக்கு அப்படி எழுதினதுக்கு வருத்தப்படறேன், யாராவது 45ல வச்சிருந்தா இப்பவே மாத்திடுங்க.

27 நவம்பர்

ரெண்டு நாளா விடாத மழை. திருவாரூர், நாகை, மாயவரம் பூரா வெள்ளக்காடு, வயல்ல சம்பா முழுகிக் கெடக்கு. நேத்து ராத்திரி போன கரண்ட் இன்னிக்கு மத்தியானம்தான் வந்துச்சு. இன்வெர்ட்டர் கீசரை இழுக்காது. தவலையில காய்ச்சினோம். ஈர மட்டை, ஒரே புகை, கண்ணைத் தெறக்க முடியல. அடுப்பைப் பத்தி 16ந்தேதி பெருமையா எழுதினேன், அது நெஜம்தான், ஆனா தெனம் இந்தப் புகையில உக்காந்த பொம்பளைங்க நெஞ்சு என்னா ஆகியிருக்கும்? அத்தைக்கு ரெண்டு கண்ணும் ஆபரேஷன் ஆனது, நாப்பது வருஷம் அடுப்படியில இருந்தவங்க. அவசரத்துக்கு அடுப்பு இருக்கட்டும், தெனத்துக்கு வேணாம்.

மூடி போட்டு காய்ச்சுங்க. தெறந்த தவலையில ஆவியா போறது பூரா வெறகு.

1 டிசம்பர்

பட்டுக்கோட்டைக்காரர் ஒருத்தர் கேஸ் கீசர் எப்படின்னு கேக்கறார், சீக்கிரம் காயுதே, கரண்டும் வேணாமேன்னு. தயவுசெஞ்சு பாத்ரூம் உள்ள மாட்டாதீங்க. கேஸ் எரியும்போது மூடின ரூம்ல காத்து பத்தலைனா கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை கெடையாது, கண்ணு எரியாது, குளிச்சுக்கிட்டே இருக்கறவங்க மயங்கி விழறது வெளியில உள்ளவங்களுக்குத் தெரியாது. சமையல் கேஸ்ல வர்ற நாத்தம் எரியாத கேஸுக்குத்தான், இதுக்கு இல்ல. மாட்டியே ஆகணும்னா வெளிச் செவுத்துல, காத்தோட்டமான எடத்துல, தண்ணி மட்டும் குழாய்ல உள்ள வர்ற மாதிரி. உள்ள மாட்டியிருந்தா நாளைக்கே ஆளை வரச் சொல்லிக் கழட்டுங்க, இதுல காசு கணக்கு பாக்காதீங்க.

அதே மாதிரி வாளியில போடற ஹீட்டர் கம்பி. கரண்ட் வீணாகறதே இல்ல, அந்த வகையில அதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா சுவிட்சை ஆஃப் பண்ணாம தண்ணியில கை வச்சு போனவங்க எத்தனை பேர். சின்னப் பிள்ளைங்க ஓடற வீட்ல வேணவே வேணாம். எங்க வீட்ல இருந்ததை 2019ல தூக்கிப் போட்டோம், போர்டுல ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச், மாட்டினோம்.

8 டிசம்பர்

ஹீட் பம்ப் பத்தி ரொம்ப பேர் கேட்டுட்டீங்க. எங்க வீட்ல இல்ல. வேளாங்கண்ணியில லாட்ஜ் வச்சிருக்கற எங்க கொழுந்தனார்கிட்ட இருக்கு, அவரை ஒரு மணி நேரம் கேட்டு எழுதறேன்.

ஃப்ரிட்ஜ் பின்னாடி கை வச்சா சூடா இருக்குல்ல, உள்ள இருக்கற சூட்டை இழுத்து வெளிய தள்ளுது. ஹீட் பம்ப் வெளிய இருக்கற காத்தோட சூட்டை இழுத்து தண்ணிக்குள்ள தள்ளுது. கரண்ட் சூடு பண்றதுக்கு இல்ல, சூட்டை எடுத்துட்டு வர்றதுக்கு, அதனால ஒரு யூனிட் போட்டா மூணு யூனிட் சூடு கெடைக்கும். காத்து சூடா இருக்கற ஊர்ல இன்னும் நல்லா வேலை செய்யும், நம்ம மார்கழிகூட அதுக்கு கோடைதான். மழை பெஞ்சாலும் கவலை இல்ல, சூரியன் வேணாம், காத்து போதும். சோலார்ல எனக்கு கெடைச்ச அடி இதுல கெடையாது.

கொழுந்தனார் 2022ல மாட்டினார், வெந்நீருக்கு போன கரண்ட் மூணுல ஒரு பங்கா கொறைஞ்சுதுங்கறார். ஆனா அவருக்கு தெனம் முப்பது பேர் குளிக்கறாங்க, ஆகஸ்ட் கடைசியில மாதா கொடியேத்தம்னா ரூம் பூரா ஆளு. அவருக்கும் ஒரு குத்தம் உண்டு, கடல் காத்து, ரெண்டாவது வருஷமே வெளியில இருக்கற தகடு அரிச்சுப் போயி மாத்த வேண்டியதாச்சு. உப்புக்காத்து அடிக்கற ஊர்ல அரிக்காத பூச்சு உள்ளதான்னு கேட்டு வாங்குங்கங்கறார்.

கும்பகோணத்துக்காரருக்கு? ரெண்டு மாசத்துக்கு 84 யூனிட்ல மூணுல ரெண்டு பங்கு மிச்சம்னா 56 யூனிட். அதுவும் வருஷத்துல நாலு மாசம். அந்த மெஷின் வெலைக்கு இந்த மிச்சம் எத்தனை வருஷத்துல ஈடாகும்னு நீங்களே பாத்துக்குங்க. மண்டபம், லாட்ஜ், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, இவங்களுக்கு நான் தைரியமா சொல்வேன்.

14 டிசம்பர்

ரெண்டு சோலாரையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறாங்க. 2024 பிப்ரவரியில அறிவிச்ச பிஎம் சூர்யா கர் மானியம், ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணு கிலோவாட்டும் அதுக்கு மேலயும் 78,000, இது கரண்ட் எடுக்கற பேனலுக்கு. வெந்நீர் டேங்க்குக்கு இல்ல. வெந்நீர் சோலாருக்கு இந்த மானியம் வாங்கித் தர்றேன்னு யாராவது முன்பணம் கேட்டா குடுத்துடாதீங்க.

3 ஜனவரி 2025

எங்க கீசர் காய ரொம்ப நேரம் எடுத்துச்சு, இன்னிக்கு கழட்டிப் பாத்தா காயில் மேல வெள்ளை வெள்ளையா கல்லு, விரல் மொத்தத்துக்கு. போர் தண்ணி. கல்லு போத்திக்கிட்டா சூடு தண்ணிக்கு சரியா போகாது, காயில் மட்டும் காயும், அப்புறம் ஒரு நாள் எரிஞ்சு போகும். உள்ள மெக்னீசியம் ராடுன்னு ஒண்ணு இருந்த எடத்துல வெறும் கம்பி. அந்த ராடு கரையத்தான் வச்சிருக்கு, டேங்க்கை அரிக்கற உப்பு முதல்ல அதை அரிக்கும். அது கரைஞ்சு தீந்தா அடுத்தது டேங்க்குதான். மூணு வருஷமா நான் தெறக்கவே இல்ல. வருஷா வருஷம் புரட்டாசியில தெறந்து பாத்துடுங்க, மழைக்கு முன்னாடி. நாகை, வேதாரண்யம் பக்கம் உள்ளவங்க உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு உள்ள டேங்க்கா பாத்து வாங்குங்க, சாதா ஸ்டீல் அந்தத் தண்ணிக்கு நிக்காது. கொள்ளிடத் தண்ணி வர்ற வீட்டுக்கு இந்தக் கவலை ரொம்ப கம்மி.

5 ஜனவரி

கும்பகோணத்துக்காரருக்கு ரீடிங் வந்துடுச்சு, 431. ரொம்ப சந்தோஷமா எழுதியிருக்கார். எனக்கும் சந்தோஷம்தான், ஆனா அதுல பூராவும் கீசர் சுவிட்ச் பண்ணின வேலைன்னு நான் சொல்ல மாட்டேன். ஐப்பசி கார்த்திகையில ஃபேன் ஓடல, ஏசி ஓடல. போன வருஷம் இதே ரெண்டு மாசத்து ரீடிங்கை எடுத்துப் பாத்து சொல்லுங்கன்னு கேட்டிருக்கேன்.

6 ஜனவரி

போன வருஷம் 508. அப்ப 77 யூனிட் கொறைஞ்சிருக்கு. அதை நம்பலாம்.

19 ஜனவரி

பொண்ணு பிரசவத்துக்கு வந்திருந்தா, பொங்கலுக்கு முந்தின வாரம் பேத்தி பொறந்தா. அதான் எழுதல. வாய்க்கால் கரையில நொச்சியும் வேப்பிலையும் ஒடிச்சு வந்து தவலையில கொதிக்க வச்சு, அத்தையே நாற்காலி போட்டு உக்காந்து, இன்னும் கொதிக்கட்டும் இன்னும் கொதிக்கட்டும்னு பக்குவம் சொல்றாங்க. கீசர்ல தண்ணி காயும், இலை கொதிக்காது. நவம்பர்ல அவசரத்துக்கு மட்டும் அடுப்புன்னு எழுதினேனே, பிள்ளை பெத்த வீட்டையும் அதுல சேத்துக்குங்க. பொகைக் குழாய் ஒண்ணு வச்சு ஓட்டுக்கு மேல விட்டிருக்கோம், கொத்தனாருக்கு அரை நாள் வேலை. இப்ப பொகை கண்ணுக்கு வரல. இதை நாப்பது வருஷத்துக்கு முன்னாடி யாரும் அத்தைக்கு செஞ்சு குடுக்கலையேன்னு நெனைச்சா எனக்கு மனசு ஆறல.

2 மார்ச்

பழைய 25 லிட்டரைக் கழட்டிட்டு 15 லிட்டர் அஞ்சு ஸ்டார் மாட்டியாச்சு. அத்தை ரூமை ஒட்டின பாத்ரூம்லயே மாட்டினோம், முன்னாடி மாடியிலேர்ந்து முப்பதடி குழாய்ல வரும், முதல் வாளி பாதிக்கு பச்சைத் தண்ணிதான், கடைசியில குழாய்க்குள்ள நின்ன வெந்நீர் அங்கயே ஆறும். இப்ப நாலடி. குழாய் சிபிவிசிதானான்னு பாத்துக்குங்க, சாதா பிவிசி வெந்நீர்ல எளகிடும். பழைய சோலார் ஸ்டாண்டு இன்னும் மாடியில நிக்குது, அதுல அத்தை வத்தல் காய வைக்கறாங்க.

கும்பகோணத்துக்காரர் நேத்து கேட்டார், அவர் கீசருக்கு பன்னெண்டாவது வருஷம் நடக்குது, இப்பவே மாத்தணுமான்னு. ராடு பாத்தீங்களா? அதை முதல்ல பாருங்க. ராடு இருந்து, டேங்க் கசியலைனா இன்னும் ஒரு மழைக்காலம் ஓட்டுங்க.